அன்புவழிபுரத்துக்கு ஒரு போத்தல் ஆளி விதை எண்ணெய்

முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்கு மரியாதை. குளிர்ச்சியான, இருட்டான இடத்தில் வைக்கவேண்டிய எண்ணெய்ப் போத்தல் ஒன்றை, பஸ் எஞ்சினின் மூடிக்கு மேலே வைத்துக்கொண்டு கொழும்பிலிருந்து திருகோணமலை வரை இருநூற்று அறுபது கிலோமீற்றர் போனவன் நான். ‘குளிரூட்டியில் வைக்கவும்’ என்று போத்தலில் எழுதித்தான் இருந்தது. அச்சகம் ஒன்றில் மெய்ப்புப் பார்த்து, மற்றவர்களின் பிழைகளைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்த வரியை மட்டும் வாசிக்கவில்லை.

அதைவிடப் பெரிய மடைத்தனம் ஒன்றும் உண்டு. பன்னிரண்டு வருடங்களாக நான் மரக்கறி. மீனையும் இறைச்சியையும் விட்ட நாளிலிருந்து, சாப்பாட்டைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்று என்னை நானே நியமித்துக்கொண்டேன். கல்யாண வீட்டுப் பந்தியிலும் செத்த வீட்டுக் கதிரையிலும் ஆலோசனை வழங்கியிருக்கிறேன். சொந்தக்காரர் எனக்கு வைத்த பெயர் ‘புல்லுத்தின்னி’. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அது எனக்குப் பழகிவிட்டது.

அந்தப் புகழைக் கேள்விப்பட்டுத்தான் அக்கா டெலிபோன் எடுத்தாள்.

“தம்பி, நீதானே மச்சம் தின்னாமல் உயிரோட இருக்கிறனி? ஒருக்கா வந்து நிரோவுக்கு என்னத்தைச் சாப்பிடுறது எண்டு சொல்லு. பிள்ளை மெலிஞ்சு போறாள். வயித்தில இருக்கிறதும் வளரேல்லை எண்டு கிளினிக்கில சொல்லுகினம்.”

நிரோஜா அக்காவின் ஒரே மகள். ஏழு மாதக் கர்ப்பிணி. புருஷன் கட்டாரில். அவளுடைய தகப்பன், என் அத்தான், போன மாரியில் இலங்கைத்துறையிலிருந்து கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகு மூன்றாம் நாள் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் வரைக்கும் ஊரே மீன் தொடவில்லை. கடலில் ஆள் போனால் அங்கே அப்படித்தான். முப்பத்திரண்டாம் நாள் ஊர் மீனுக்குத் திரும்பிவிட்டது. நிரோஜா திரும்பவில்லை. மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் வேண்டாம், அப்பா வரும்வரைக்கும் என்று சொல்லிவிட்டாள். 

செவ்வாய், காலை 5.45. கொழும்பு.

தனியார் பஸ். கட்டணம் ஆயிரத்து நானூறு ரூபா. சாரதிக்குப் பக்கத்து ஆசனம் கிடைத்ததை அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

பையில் இருந்தது முந்திய நாள் வெள்ளவத்தையில் வாங்கிய ஆளி விதை எண்ணெய். இரண்டாயிரத்து நானூற்றைம்பது ரூபா. மனித உடம்பால் தானே செய்துகொள்ள முடியாத கொழுப்பு இரண்டு வகை உண்டு, இரண்டையும் சாப்பாட்டிலேதான் எடுக்கவேண்டும் என்று ஒரு வாரமாகப் படித்திருந்தேன். ஒரு வகை நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் தாராளமாக உண்டு. மற்றதுதான் பஞ்சம். மீன் தின்கிறவர்களுக்கு அது கறிச்சட்டியிலேயே கிடைத்துவிடுகிறது. மற்றவர்கள் ஆளி விதை, அக்ரூட், சோயா என்று தேடிப் போகவேண்டும். அதிலும் ஒரு சிக்கல். விதையில் இருப்பதை உடம்பு கொஞ்சமாகத்தான் மீனில் இருக்கிற வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டியது அந்த மாறிய வடிவம். மீனே அதைத் தானாகச் செய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத பாசியிலிருந்துதான் அதற்கு வருகிறது. அந்தப் பாசியைத் தொட்டியில் வளர்த்து, எண்ணெய் எடுத்துக் குளிசையாகவும் விற்கிறார்கள். அதே கடையில் அதே தட்டில் இருந்தது. விலை ஆறாயிரத்து எண்ணூறு. “பாசிக்கு இந்த விலையோ?” என்று சிரித்துவிட்டு எண்ணெய்ப் போத்தலை எடுத்தவன் நான்தான். போத்தல் பார்க்க வடிவாகவும் இருந்தது.

குருநாகல் தாண்ட மழை பிடித்தது. தம்புள்ளையில் பதினைந்து நிமிடம் நின்றோம். ஒரு பருப்பு வடையும் தேநீரும் நூற்றெழுபது ரூபா. ஹபரணையில் சாரதி மூக்கைச் சுருக்கினார். சிங்களவர். அரைகுறைத் தமிழில் கேட்டார்.

“ஐயா, பைக்குள்ள என்ன, பெயின்ற்றா?”

“மருந்து எண்ணெய், மாத்தயா.”

“ஆருக்கு? வீட்டுக்கா, கதவுக்கா?”

நான் பெரிதாகச் சிரித்தேன். கந்தளாய் வந்தபோது பஸ் முழுக்கப் பெயின்ற் மணந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

பிற்பகல் 1.10. திருகோணமலை.

பஸ் நிலையத்தில் மழை சாய்ந்து அடித்தது. ஊருக்குள் திரியும் மான்களில் இரண்டு கடையோரம் ஒதுங்கி நின்று, யாரோ எறிந்த சோற்றுப் பார்சலின் கடதாசியை மென்றுகொண்டிருந்தன. இவையும் மரக்கறிதான். மரக்கறியாக இருப்பதும் ஒழுங்காகச் சாப்பிடுவதும் வேறு வேறு என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். அக்கா இருக்கும் அன்புவழிபுரத்துக்கு ஓட்டோ நானூற்றைம்பது ரூபா. துறைமுகப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு இல்லை. எல்லாம் கழுவாத அலுமினியச் சட்டியின் நிறம்.

அக்கா வாசலிலே நின்றாள். நெற்றியில் பொட்டு இருந்தது. உடல் கிடைக்காததால் அழிக்கவும் மனமில்லை, வைக்கவும் மனமில்லை. சின்னதாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாதமாதிரி வைத்திருந்தாள்.

நிரோஜா கதிரையில் இருந்தாள். வயிறு மட்டும் தனியே வந்து உட்கார்ந்திருந்ததுபோல இருந்தது, மற்றதெல்லாம் எலும்பு. உதடு வெடித்திருந்தது. ஆனாலும் என்னைக் கண்டதும் சிரித்தாள்.

“வாங்கோ புல்லுத்தின்னி மாமா. என்ன கொண்டு வந்தனீங்கள்?”

போத்தலைத் திறந்தேன். அக்கா இரண்டடி பின்னால் போனாள்.

“தம்பி, இது வாங்கு கதிரைக்குப் பூசுறதெல்லோ?”

“கிரிக்கெட் பட்டுக்கும் பூசுறவை அம்மா,” என்றாள் நிரோஜா. “மாமா, நான் பிள்ளை பெறப்போறனோ, ஓப்பினிங் பட்டிங் இறங்கப்போறனோ?”

மூன்று பேரும் சிரித்தோம். அக்கா சிரித்து நான் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. போத்தலைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் ஊற்றினேன். சூட்டில் பழுதாகிவிட்ட அந்த எண்ணெயைக் குடித்திருந்தால் நன்மைக்குப் பதிலாகத் தீமைதான் நடந்திருக்கும்.

மத்தியானச் சாப்பாட்டில் உண்மை தெரிந்தது. சோறு, சொதி, சூரியகாந்தி எண்ணெயில் பொரித்த கத்தரிக்காய். சூரியகாந்தி எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்று முந்திய வருடம் டெலிபோனில் சொன்னவன் நான். நிரோஜா சோற்றை ஒதுக்கி ஒதுக்கி நாலு வாய் சாப்பிட்டாள்.

“மீன் வேண்டாம், சரி பிள்ளை. முட்டை?”

“மாமா, அப்பா கடலுக்குள்ள இருக்கேக்க நான் கடல்ல இருந்து எடுத்துத் தின்னேலாது. அப்பிடித்தான் துவங்கினது. பிறகு உயிரோட இருந்த ஒண்டையும் வாயில வைக்க ஏலாமப் போச்சு. பிடிவாதம் எண்டு அம்மா சொல்லுறா. பிடிவாதமெண்டா விட்டிருப்பன்.”



புதன், காலை 9.00. மத்திய வீதி.

பாசி எண்ணெய்க் குளிசை தேடி நான்கு பாமசி ஏறினேன். மழையில் குடை இரண்டு தரம் மறுபக்கம் திரும்பியது. மூன்று கடையில் அப்படியொன்றைக் கேள்விப்படவே இல்லை. நான்காவது கடைக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“மீன் குவிஞ்சு கிடக்கிற ஊரில பாசியை ஆர் ஐயா வாங்கிறது? மீனெண்ணெய் இருக்கு, தரட்டோ?”

“பாசிதான் வேணும்.”

“கொழும்புக்குச் சொல்லி எடுக்க நாலைஞ்சு நாள் செல்லும். நீங்கள் எங்கயிருந்து வாறியள்?”

“கொழும்பிலயிருந்து.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் குடையை விரித்தேன்.

வீட்டுக்குத் திரும்பினால் அக்கா குசினிக்குள் கூப்பிட்டாள். அலுமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். மீனெண்ணெய்க் குளிசை. போன மாதமே வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாள். பக்கத்தில் என்னுடைய பழைய விற்றமின் போத்தல் ஒன்று, என் பையிலிருந்து எடுத்தது. குளிசைகள் ஏற்கெனவே அதற்குள் மாறியிருந்தன.

“பாசி எண்டு சொல்லிக் குடு.”

“அக்கா…”

“நான் குடுத்தா மணந்து பாப்பாள். நீ மச்சம் தொடாதவன். நீ சொன்னா நம்புவாள். ஆளைத்தான் கடல் கொண்டுபோட்டுது. இந்தப் பிள்ளையையும் நான் குடுக்கவோ?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் மறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். கையில் போத்தலை வைத்துக்கொண்டு நின்றாள்; நான் வாங்கினேன்.

முற்பகல் 11.00.

நிரோஜா குளிசையை விரல்களுக்கிடையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். பொன்னிறம், நல்ல வடிவு.

“இது கடல்ல இருந்து வந்ததோ, மாமா?”

“இல்லைப் பிள்ளை. தொட்டியில வளர்க்கிற பாசி. கடலையே காணாதது.”

சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. வெள்ளவத்தைத் தட்டில் இருந்த குளிசையைப் பற்றியது. அவள் கையில் இருந்தது வேறு.

“நீங்களும் இதைத்தானே போடுறனீங்கள்?”

பன்னிரண்டு வருடமாக அப்படி ஒன்றுமே போட்டதில்லை. நகம் உடைவதும் தோல் செதிலாவதும் வயசு என்று நினைத்திருந்தவன் நான். “ஓம்,” என்றேன்.

“அப்ப ஒண்டு போடுங்கோ. சேர்ந்து போடுவம்.”

அக்கா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். மூடியைத் திறந்து எனக்கும் ஒன்று எடுத்தேன். இரண்டு கிளாஸ் தண்ணீர். இரண்டு பேரும் விழுங்கினோம். நிரோஜா வயிற்றைத் தடவி, “கேட்டுதே, மாமா கொண்டு வந்தது,” என்று உள்ளே இருந்த பிள்ளைக்குச் சொன்னாள்.

மீனெண்ணெய்க் குளிசையைப் பற்றி ஒரு விஷயம் எனக்குத் தெரியாது. மீன் தின்கிற ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒரு மணித்தியாலம் கழித்து அது மீன் மணத்தோடு தொண்டைக்கு ஏவறையாகத் திரும்பி வரும்.

மத்தியானம் 12.05.

முதலில் எனக்குத்தான் வந்தது. சாளை மீன், பச்சையாக. பன்னிரண்டு வருட விரதம் ஒரு சின்னச் சத்தத்தோடு முடிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு மழையைப் பார்ப்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பினேன். பின்னால் கதிரை அசைந்தது. திரும்பினேன். நிரோஜா புறங்கையை உதட்டில் வைத்திருந்தாள். மீன்காரனின் மகள். எந்த மீன், எத்தனை நாள் மீன் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

“மாமா, தொட்டியில சாளையும் வளர்க்கிறவையோ?”

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெல்ல எழுந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மழைக்குள் கிணற்றடிக்குப் போனாள். அங்கே குனிந்து நின்று ஓங்காளித்தாள். ஒன்றும் வரவில்லை. அக்கா குடையோடு ஓடினாள். நிரோஜா குடையைத் தள்ளிவிட்டாள். நான் வாசலில் நின்றேன். அங்கே நான் போய் என்ன செய்வது? பகிடி விடுவதோ?

அன்று பின்னேரம் அவள் தன் சோற்றைத் தானே உலையில் போட்டாள். சொதி வேண்டாம், கறி வேண்டாம். சோறும் உப்பும். அக்கா பக்கத்தில் போனால் மூடியால் சட்டியை மூடினாள். நாலு வாய் சாப்பிட்டவள் இப்போது இரண்டு வாய்க்கு வந்துவிட்டாள். இதைச் செய்யத்தான் நான் இருநூற்று அறுபது கிலோமீற்றர் வந்திருந்தேன்.

வியாழன், காலை 8.30. கிளினிக்.

அன்று அவளுடைய கிளினிக் நாள். தனியாகத்தான் போவேன் என்றாள். நான் பத்தடி பின்னால் நடந்தேன். அவள் நின்றால் நின்றேன். தெருநாய் ஒன்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னைத் தேர்ந்தெடுத்துக் குரைத்தது.

மிட்வைஃப் ஷாமிலா மிஸ் கிண்ணியாப் பெண், நாற்பது வயது இருக்கும். தராசில் ஏற்றி, வயிற்றை நாடாவால் அளந்து, கார்ட்டில் எழுதியவர், பேனையை வைத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். நிரோஜா வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

“ஐயா, போன கிளினிக்ல இருந்து நிறை கூடவே இல்ல. வீட்டுல என்ன நடக்குது?”

எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், எஞ்சின், குளிசை, ஏவறை. எஞ்சின் இடத்தில் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“அந்தப் போத்தல் இருக்கா?”

அக்கா வாங்கிய மீனெண்ணெயின் வெற்றுப் போத்தலைச் சட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். வாங்கி வாசித்தார்.

“அல்ஹம்துலில்லாஹ், இது மீனெண்ணெய். மீன் ஈரல் எண்ணெயா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? அதுல விற்றமின் ஏ கூட. கர்ப்பிணிக்கு அது கூடாது. நீங்க படிச்ச மனுசன்தானே?”

“புரூஃப் பாக்கிறனான், மிஸ்.”

“அப்ப வாசிக்கிற வேலதானே!”

தலையைக் குனிந்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“கேளுங்க ஐயா. அவவுக்கு மீன் இல்லாமலும் வழி இருக்கு. நம்பிக்கை இல்லாம வழி இல்ல. இனி அவ கண்ணுக்கு முன்னால திறக்காத ஒண்டையும் குடுக்காதீங்க. நீங்க சொல்ற பாசிக் குளிசைதான் மீனுக்குச் சரியான மாற்று. கொழும்பு போய் சீல் உடைக்காம அனுப்புங்க; டொக்டரிட்டக் காட்டிப்போட்டுக் குடுப்பம். அதுவரைக்கும் ஆளி விதை. எண்ணெய் இல்ல, விதை. முழுசாத் திண்டா அப்படியே வெளிய போயிரும், இடிக்கணும். அண்டண்டைக்கு இடிச்சு ஒரு தேக்கரண்டி, அதுக்கு மேல வேணாம். அடுப்புல வைக்காம சோத்துல தூவுங்க. சூரியகாந்தி எண்ணெயை நிப்பாட்டுங்க, அது கூடினா விதையில இருக்கிறதை உடம்பு மாத்துறது குறையும். பருப்பு, சோயா, கீரை எல்லாம் அவ கையாலயே சமைக்கட்டும்.”

“இவ்வளவும் செய்தா பிள்ளை வளருமோ, மிஸ்?”

“முதல்ல தாய் சாப்பிடணும். நிறை ஏறட்டும். பிறகு கேளுங்க.”

முற்பகல் 10.40. கிண்ணியா.

நகரத்து நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை முடிந்திருந்தது. கிண்ணியாவில் இருக்கும் என்றார்கள். பஸ் கட்டணம் நூற்றிருபது ரூபா. குடாவைச் சுற்றிச் சீனன்குடா வழியாகப் போகிறது. பாலத்தில் ஏறியதும் பஸ் மெதுவானது. இரு பக்கமும் தண்ணீர். மீன்பிடி வள்ளங்கள் கவிழ்த்துக் கட்டப்பட்டிருந்தன. காற்று எச்சரிக்கையாம், மூன்று நாளாக யாரும் இறங்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவர் தொப்பியைச் சரிசெய்தபடி, “இந்தக் காத்துல மீன் விலை ஏறிப் போகும்,” என்றார். ஆமோதித்தேன். இதேமாதிரிக் காற்றில்தான் ஒரு வருடத்துக்கு முன்னால் அத்தான் இறங்கினார். ஏன் இறங்கினார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்த நரைத்த தண்ணீருக்குள் எங்கேயோ அவர் இருக்கிறார் என்று எண்ணியபடி மீன் விலையைப் பற்றிப் பேசுவது எனக்கு அன்று முடியவில்லை. நிரோஜாவுக்கு ஒரு வருடமாக என்ன நடக்கிறது என்பது கொஞ்சம் விளங்கியது.

கடைக்காரர் வாளியொன்றைத் திறந்தார். பழுப்பு நிறம், எள்ளைவிடப் பெரிது, வழுவழுப்பு. கால் கிலோ நானூற்றிருபது ரூபா.

“நானா, இதுல பழுது எப்பிடிப் பாக்கிறது?” என்று கடைக்கார அண்ணனைக் கேட்டேன்.

“கடிச்சுப் பாருங்க. கசந்தாப் பழசு. யாருக்கு?”

“பிள்ளைத்தாச்சிக்கு.”

“அப்ப இந்த வாளி வேணாம்.” உள்ளே போய், கட்டுப் பிரிக்காத புதுப் பை ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் கத்தரித்தார். விலை கூட்டவில்லை. அவர் எனக்குக் கற்றுத்தந்த மரியாதை அது என்று திரும்பும் பஸ்ஸில் நினைத்தேன்.

பிற்பகல் 2.15. அன்புவழிபுரம்.

பையைக் கதிரைக்கு முன்னால் நிலத்தில் வைத்தேன். பக்கத்தில் இருந்தேன். 

“நேற்று நான் உனக்குப் பொய் சொன்னனான். மீனெண்ணெய் எண்டு தெரிஞ்சுதான் தந்தனான். அக்காவைக் குறை சொல்லாதை, வாய் என்ரை.”

நிரோஜா பையைத் திறந்தாள். மணந்தாள். ஒரு விதையை எடுத்து முன்பல்லால் கடித்தாள். நெடுநேரம் மென்றாள்.

“எங்க விளையிறது?”

“வயல்ல.”

“எந்த ஊர் வயல்?”

“இந்தியாவா இருக்கும். எனக்குச் சரியாத் தெரியாது.”

“அப்ப எப்பிடி இஞ்ச வந்தது?”

இங்கே ஒரு பொய் சொல்ல எனக்கு ஒரு விநாடிகூட ஆகியிருக்காது. விமானம் என்றால் போதும். அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“கப்பல்லதான் வந்திருக்கும், பிள்ளை. கடலாலதான்.”

 நிரோஜா கையில் இருந்த விதைகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“கடலுக்கு மேலால வந்தாப் பரவாயில்லை,” என்றாள்.

மிக்சியில் போடலாம் என்று எழுந்தேன். “தள்ளுங்கோ,” என்று அவளே உரலை எடுத்தாள். மிட்வைஃப் சொன்ன ஒரு தேக்கரண்டியை அளந்து இடித்தாள். மூன்று இடி, ஒரு மூச்சு. அக்கா உதவிக்கு நகர, கையால் நிறுத்தினாள். ஆனால் பருப்பைக் கழுவச் சொன்னாள். ஒரு நாளைக்குப் பிறகு தாய்க்குச் சொன்ன முதல் வார்த்தை. அக்கா அந்த அரைச் சுண்டு பருப்பை எட்டுத் தண்ணீரில் கழுவியிருப்பாள்.

பருப்பு, வல்லாரைச் சம்பல், சோற்றுக்கு மேல் பழுப்புத் தூள். நிரோஜா எங்களைப் பார்க்காமல் சாப்பிட்டாள். நான் வாய்களை எண்ணினேன். எண்ணுவது தெரிந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயந்து கூரையைப் பார்த்தேன். கோப்பை வழிக்கும் சத்தம் கேட்டபிறகுதான் தலையைக் குனிந்தேன். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு உரிமை இல்லை. ஒரு கோப்பைச் சோற்றில் பிள்ளை வளராது. அடுத்த கிளினிக்குக்கு இரண்டு கிழமை இருக்கிறது. அந்தத் தராசு என்ன சொல்லும் என்று மிட்வைஃபுக்கும் தெரியாது.

வெள்ளி, காலை 6.30. புறப்பாடு.

வெள்ளவத்தையில் என் வீட்டிலிருந்து கடலுக்கு நானூறு மீற்றர். பின்னேரங்களில் அதன் ஓரமாக நடக்கிறேன். வறுத்த கடலை வாங்கித் தின்கிறேன். அந்தத் தண்ணீரை ஒருநாளும் ஒருவருடைய பெயரோடு சேர்த்துப் பார்த்ததில்லை. அங்கே நான் மீனை விட்டது கொலஸ்ட்ரோல் கூடியதற்காகவும், கொஞ்சம் பெருமைக்காகவும். பந்தியில் இலையை மூடிக்கொண்டு பேச ஒரு விஷயம் கிடைத்தது. இந்த வீட்டில் மீனை விட்டது வேறு கணக்கு. இரண்டையும் ‘மரக்கறி’ என்று ஒரே பெயரில் அழைத்துக்கொண்டு ஆலோசனை சொல்லப் புறப்பட்டேன் பாருங்கள்.

மழை விட்டிருந்தது, வானம் விடவில்லை. அக்கா உள்ளே பருப்பு ஊறவைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டோ வந்து நின்றது. நிரோஜா கேற் வரைக்கும் வந்தாள். வருவாள் என்று நான் நினைக்கவில்லை.

“நாளைக்கே பாசிக் குளிசை வாங்கி அனுப்புறன். சீல் உடைக்காமல். மிஸ் வாசிக்கட்டும், நீயும் வாசி. எனக்கும் ஒரு போத்தல் வாங்கப்போறன்.”

தலையை ஆட்டினாள்.

“ஒண்டு கேக்கட்டோ? இனி என்னை நம்புவியோ, பிள்ளை?”

கேற்றைச் சாத்திக் கொழுக்கியைப் போட்டுவிட்டுத்தான் சொன்னாள்.

“விதையை நம்புறன், மாமா.”